வீடியோவை நடுவில் இழுத்தால் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது, ஐபோனில் ஓடவே மாட்டேன் என்கிறது

தந்தி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்கள் வீட்டில் பயிற்சி பண்றதுக்காக சொந்தமா ஒரு வலைதளம் வச்சிருக்கேன். அதுல 24 வீடியோ, 40 ஆடியோ. எல்லாமே எம்பி4, எம்பி3 கோப்புகள்தான். பக்கத்துல சாதாரண வீடியோ டேக் போட்டிருக்கேன், ஸ்ட்ரீமிங்னு தனியா எதுவும் செய்யலை.

வயலின் கத்துக்கிற பிள்ளைக்கு முழு வீடியோவும் ஒரு தடவை ஓடினா பிரயோஜனம் இல்லை. ஒரு பாடத்துல 2 நிமிஷம் 14 வினாடியில மூணாவது விரலை அழுத்தினபடியே வில்லைத் திருப்புற இடம் ஒண்ணு வரும். அந்த நாலு வினாடியைத்தான் இருபது தடவை பார்க்கணும், கேட்கணும், உடனே வாசிச்சுப் பார்க்கணும். இப்போ அது முடியலை. கணினியில வீடியோவை அழுத்தினா வெறும் வட்டம் சுத்திட்டே இருக்கு. 12 நிமிஷ வீடியோ ஒண்ணு 310 மெகாபைட். அது முழுசா இறங்கின பிறகுதான் படமே வருது, எட்டு நிமிஷம் காத்திருந்தேன். வந்த பிறகும் கோட்டைப் பிடிச்சு நடுவுக்கு இழுத்தா திரும்ப முதலுக்கே ஓடிடுது. ஐபோன்ல அதுவும் இல்லை, அம்புக்குறி மேல குறுக்குக்கோடு போட்டு நின்னுடுது. சில மாணவர்கள் வீட்டுக் கணினியில இரண்டு மூணு வீடியோவுக்குக் குரல் மட்டும் கேட்குது, படம் கறுப்பா இருக்கு.

இன்னொண்ணு, சம்பந்தம் இருக்கான்னு தெரியாது. வீடியோ ஏறிட்டிருக்கும்போது அதே தளத்துல வேற பக்கத்தைத் திறந்தா அந்தப் பக்கமும் வராது. வீடியோவை மூடினா உடனே வந்துடும்.

உள்ளே வர கடவுச்சொல் உண்டு. அதுக்காகத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு பிஎச்பி நிரல் எழுதிக் கொடுத்தார், கோப்பெல்லாம் அது வழியாத்தான் போகுது. சர்வர், பல பேரோட பகிர்ந்துக்கிற வாடகை ஹோஸ்டிங். ஸ்ட்ரீமிங் சர்வர்னு தனியா எடுத்தாத்தான் இதெல்லாம் சரியாகுமா?


புதுவலை:

யூட்யூப்ல பட்டியலிடப்படாத வீடியோவா ஏத்திட்டு இணைப்பை மட்டும் மாணவர்களுக்குக் கொடுத்துடலாமே மேடம். இவ்வளவு சிரமம் எதுக்கு? சொந்தத் தளத்துலதான் வேணும்னா எச்எல்எஸ் (வீடியோவைத் துண்டு துண்டா வெட்டி அனுப்புற முறை) பண்ணணும், வெறும் எம்பி4 வெச்சு ஸ்ட்ரீமிங் வராது.


தந்தி டீச்சர்:

யோசிச்சேன் தம்பி. பாதி வீடியோக்கள்ல பிள்ளைங்க முகம் தெரியுது. வகுப்புக்கு உள்ள மட்டும்னு சொல்லித்தான் பெற்றோர்கிட்ட அனுமதி வாங்கினேன். இணைப்பு தெரிஞ்ச யாரும் பார்க்கலாம்னா அந்தச் சொல்லைக் காப்பாத்தின மாதிரி ஆகாது. பாடம் முடிஞ்சதும் பக்கத்துல வேற வீடியோ வந்து நின்னா பத்து வயசுப் பிள்ளை வயலினைக் கீழே வச்சுடும், அது இன்னொரு கவலை. சொந்தத் தளத்துலயே சரி பண்ண ஆசைப்படறேன்.


பின்கட்டு சர்வர்:

டீச்சர், நீங்க நினைக்கிறது நடக்கும். தனி ஸ்ட்ரீமிங் சர்வர் வேண்டாம், எச்எல்எஸ்ஸும் வேண்டாம். கோப்பு சரியா அடுக்கப்பட்டிருக்கணும், சர்வருக்கு நடுவுல இருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுக்கத் தெரியணும். இந்த இரண்டும் இருந்தா சாதாரண எம்பி4 தட்டினதும் ஓடும், இழுத்த இடத்துக்குப் போகும்.

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க. குரோம்ல வீடியோ பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்க. நெட்வொர்க் பகுதியில வீடியோ கோப்போட வரியில ஒரு எண் இருக்கும், 200 அல்லது 206. 200ன்னா சர்வர் "முழுசா இந்தா பிடி"ன்னு சொல்லுது. 206ன்னா "கேட்ட பகுதி மட்டும் இந்தா"ன்னு சொல்லுது. அந்த வரியை அழுத்தினா வலப்பக்கம் தலைப்புகள் வரும். அதுல அக்செப்ட்-ரேஞ்சஸ், கன்டென்ட்-டைப் இரண்டும் என்ன சொல்லுதுன்னு எழுதுங்க. அப்புறம் கடவுச்சொல் இல்லாத ஒரு ஃபோல்டர்ல ஏதாவது ஒரு எம்பி4ஐப் போட்டு, நேரா அதோட முகவரியைத் திறந்து அதே சோதனையைப் பண்ணுங்க. பிள்ளைங்க இல்லாத வீடியோவா பார்த்துப் போடுங்க, முடிஞ்சதும் அழிச்சிடுங்க.

பக்கம் வராம தொங்குதுன்னு சொன்னீங்களே, அது சம்பந்தமுள்ள விஷயம்தான். காரணமும் தெரியும், வரிசையா வரேன்.


தந்தி டீச்சர்:

பார்த்துட்டேன் சார். பிஎச்பி வழியா வரும்போது 200. அக்செப்ட்-ரேஞ்சஸ்னு ஒண்ணுமே இல்லை. கன்டென்ட்-டைப்ல அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்னு இருக்கு. நேரா திறந்தா 206, வீடியோ/எம்பி4.

நேரா திறந்தப்போ ஐபோன்லயும் ஓடிச்சு! கோட்டை இழுத்தா இழுத்த இடத்துக்குப் போகுது. ஆனா ஆரம்பிக்க மட்டும் மூணு நாலு வினாடி ஆகுது. கோப்பை வழங்குற இடத்துல நிரல்ல ரீட்ஃபைல்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு. மேலே செஷன் ஸ்டார்ட்டுன்னு ஒரு வரி.


பின்கட்டு சர்வர்:

அந்த இரண்டு வரியில உங்க பிரச்சினை முக்கால்வாசி இருக்கு.

பிரவுசர் வீடியோ கேட்கும்போது ரேஞ்ச்னு ஒரு தலைப்பைச் சேர்த்து, "இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை கொடு"ன்னு கேட்கும். எச்டிடிபி தரத்துலயே உள்ள வசதி இது, இப்போ ஆர்எஃப்சி 9110ல இருக்கு. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் மாதிரி சர்வர்கள் கோப்பை நேரா கொடுக்கும்போது இதை அதுங்களே பார்த்துக்கும். அதனாலதான் உங்களுக்கு நேரா திறந்தப்போ சரியா வந்துச்சு. ரீட்ஃபைல் அந்தத் தலைப்பைக் கண்டுக்காது, முதல் பைட்ல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் கொட்டிடும். நீங்க 7ஆவது நிமிஷத்துக்கு இழுத்தா பிரவுசர் நடுவுல இருந்து கேட்குது, நிரல் திரும்ப முதல்ல இருந்து கொடுக்குது.

ஐபோனோட சஃபாரி பிரவுசர் இதுல ரொம்பக் கறார். முதல்ல 0லிருந்து 1 வரைக்கும் இரண்டே இரண்டு பைட் கேட்டுப் பார்க்கும். 206ஓட இரண்டு பைட் வந்தாத்தான் அந்த சர்வரை நம்பும். முழுக் கோப்பும் வந்தா குறுக்குக்கோடுதான். ஆக்டெட்-ஸ்ட்ரீம்ங்கிறது "இது என்ன கோப்புன்னு எனக்குத் தெரியாது"ன்னு சொல்றது. அதையும் வீடியோ/எம்பி4ன்னு மாத்துங்க, எம்பி3க்கு ஆடியோ/எம்பெக்.

எட்டு நிமிஷக் காத்திருப்புக்கு இரண்டு தப்பு கைகோத்திருக்கு. எம்பி4 கோப்பு பெட்டி பெட்டியா அடுக்கினது. எம்டாட்ங்கிற பெட்டியில படமும் ஒலியும் இருக்கும். மூவ்ங்கிற பெட்டியில எந்த ஃபிரேம் எந்த பைட்ல ஆரம்பிக்குதுங்கிற அட்டவணை இருக்கும். அது இல்லாம பிரவுசரால ஒரு ஃபிரேமைக்கூடக் காட்ட முடியாது. பதிவு முடிஞ்சாத்தானே மொத்தம் எத்தனை ஃபிரேம்னு தெரியும்? அதனால நிறைய கேமராவும் எடிட்டரும் மூவ் பெட்டியைக் கோப்போட கடைசியில எழுதி வைக்கும். துண்டு கொடுக்கத் தெரிஞ்ச சர்வரா இருந்தா பிரவுசர் வாலை முதல்ல வாங்கிப் படிச்சுட்டு தலைக்கு வந்துடும். நேரா திறந்தப்போ உங்களுக்கு மூணு நாலு வினாடி ஆனது அந்தப் போக்குவரத்தாத்தான் இருக்கணும். துண்டு கொடுக்காத சர்வர்கிட்ட 310 மெகாபைட்டும் இறங்கினாத்தான் அட்டவணை கைக்கு வரும்.

உறுதிப்படுத்தணும்னா கோப்பை ஹெக்ஸ் எடிட்டர்ல (கோப்போட பைட்டுகளை அப்படியே காட்டுற மென்பொருள்) திறங்க. எஃப்டைப்ங்கிற முதல் பெட்டியைத் தாண்டினதும் மூவ் தெரிஞ்சா நல்லது. அது வராம எம்டாட் முன்னாடி வந்தா அட்டவணை பின்னாடிதான் இருக்கு.

அட்டவணையை முன்னாடி கொண்டுவர எஃப்எஃப்எம்பெக்ல (வீடியோ, ஆடியோ கோப்புகளை மாத்துற இலவச மென்பொருள்) மூவ்ஃப்ளாக்ஸ் என்ற விருப்பத்துக்கு ஃபாஸ்ட்ஸ்டார்ட்னு கொடுங்க, கோடெக் (சுருக்குற முறை) விருப்பத்துக்கு காப்பின்னு கொடுங்க. காப்பின்னா படத்தைத் திரும்ப என்கோட் பண்ணாது, தரம் துளியும் குறையாது, சில வினாடியில முடிஞ்சிடும். கடைசியில "இரண்டாவது சுற்று, மூவை முன்னாடி நகர்த்துறேன்"ங்கிற அர்த்தத்துல ஆங்கிலத்துல ஒரு வரி வரும். அது வந்தா வேலை ஆச்சு.

கறுப்புப் படம் வேற கதை. அந்த இரண்டு மூணு வீடியோ மட்டும் வேற போன்ல எடுத்ததா? அப்படின்னா அது எச்.265, அதாவது எச்இவிசிங்கிற வீடியோ சுருக்க முறையா இருக்கும். ஐபோன்கள் 2017ல வந்த ஐஓஎஸ் 11லிருந்து அப்படிப் பதிவு பண்ணும். எல்லாக் கணினியிலயும் எல்லா பிரவுசரும் அதைத் திறக்காது, ஒலி ஏஏசிங்கிற பொதுவான ஒலிச் சுருக்க முறையில இருக்கிறதால குரல் மட்டும் வரும். அவற்றை எச்.264ங்கிற பழைய முறைக்கு மாத்தியே ஆகணும், இங்க காப்பி உதவாது. பிக்சல் வடிவத்தை ஒய்யூவி420பின்னு சொல்லிக் கொடுக்கிறது முக்கியம். 10 பிட்ல எடுத்த படம்னா எச்.264க்கு மாத்தின பிறகும் சில பிரவுசர்ல ஓடாம அடம்பிடிக்கும்.

அப்படியே மத்த வீடியோக்களையும் 720பி அளவுக்குக் குறைச்சுடுங்க, தர அளவான சிஆர்எஃப் 23 போதும். ஒரே இடத்துல உட்கார்ந்து வாசிக்கிற காட்சி நல்லாவே சுருங்கும். சுருக்கும்போது ஃபாஸ்ட்ஸ்டார்ட்டையும் சேர்த்தே கொடுத்துடுங்க, தனியா இன்னொரு தடவை வேண்டாம். கீஃபிரேம் (மத்த ஃபிரேம் துணை இல்லாம முழுப் படமா இருக்கிற ஃபிரேம்) இடைவெளியையும் குறைங்க. எச்.264 ஆக்குற எக்ஸ்264 நிரலைத் தன் விருப்பத்துக்கு விட்டா 250 ஃபிரேம் வரைக்கும் போகும், 25 ஃபிரேம் ஓட்டத்துல அது 10 வினாடி. ஒரு இடத்துக்குத் தாவும்போது பிரவுசர் முந்தின கீஃபிரேம்ல இருந்து டீகோட் பண்ணிட்டு வரணும். உங்க பிள்ளைங்க நாலு வினாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கணும்னு சொல்றீங்க. 50 ஃபிரேம்னு வையுங்க, கோப்பு கொஞ்சம் பெருக்கும், ஆனா தாவினதும் சட்டுன்னு நிக்கும்.

இப்போ பிஎச்பி. எக்ஸ்-சென்ட்ஃபைல்னு அப்பாச்சிக்கும், எக்ஸ்-ஆக்ஸெல்-ரீடைரக்ட்னு என்ஜின்எக்ஸுக்கும் ஒரு வசதி உண்டு. நிரல் கடவுச்சொல்லை மட்டும் சரிபார்த்துட்டு "இந்தக் கோப்பை நீயே கொடுத்துடு"ன்னு சர்வர்கிட்ட ஒப்படைச்சிடும், ரேஞ்சை சர்வரே பார்த்துக்கும். இருக்கிறதுல நல்ல வழி அதுதான். ஹோஸ்டிங்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க. வாடகை ஹோஸ்டிங்ல பல இடத்துல கிடைக்காது, அப்போ நிரல்லயே ரேஞ்சைக் கையாளணும். கேட்ட எல்லையைப் படிச்சு, எஃப்சீக்ல அந்த இடத்துக்குப் போய், சின்னச் சின்னத் துண்டா அனுப்பணும். பதில் எண் 206. கன்டென்ட்-ரேஞ்ச்ல தொடக்கம், முடிவு, மொத்தம் மூணும் சொல்லணும். கோப்பைத் தாண்டிக் கேட்டா 416.

எழுதிக் கொடுக்கிறவர்கிட்ட ஒண்ணு கண்டிப்பா சொல்லுங்க. இரண்டு எல்லையும் சேர்த்தி. 0லிருந்து 1ன்னா இரண்டு பைட், அதனால நீளம் = முடிவு − தொடக்கம் + 1. நான் ஒரு தடவை அந்த +1ஐ விட்டுட்டு இரண்டு நாள் தேடினேன். குரோம்ல ஓடிச்சு, சஃபாரியில மட்டும் ஓடலை. அதுக்கப்புறம் எப்போ எழுதினாலும் கோப்பை இரண்டு பாதியா சர்வர்கிட்ட கேட்டு வாங்கி, ஒட்டி, மூலத்தோட ஒரு பைட் விடாம ஒத்துப் பார்த்துட்டுத்தான் விடுறேன்.

தொங்குற பக்கத்துக்கு வரேன். செஷன் ஸ்டார்ட்னு சொன்னதும் பிஎச்பி அந்த மாணவரோட செஷன் கோப்பை (உள்ளே வந்தவர் யார்னு குறிச்சு வைக்கிற கோப்பு) பூட்டிடும். நிரல் முடியுற வரைக்கும் பூட்டு திறக்காது. 310 மெகாபைட் போய் முடியுற வரைக்கும் அதே மாணவர் திறக்கிற மத்த பக்கமெல்லாம் பூட்டுக்கு வெளியே நிக்கும். கடவுச்சொல்லைச் சரிபார்த்ததும், ஒரு பைட்கூட அனுப்புறதுக்கு முன்னாடி, செஷன் ரைட் க்ளோஸ்னு ஒரு வரி போடுங்க. அவ்வளவுதான்.

புதுவலை, எச்எல்எஸ் நல்ல விஷயம்தான். ஆப்பிள் 2009ல கொண்டுவந்தது, வீடியோவைச் சில வினாடித் துண்டுகளா வெட்டி, பல தரத்துல வச்சு, இணைப்போட வேகத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி மாத்திக் கொடுக்கும். நேரலைக்கும், ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிற தளத்துக்கும் அது வேணும். பத்து நிமிஷப் பாடத்துக்கு அதைக் கொண்டுவந்தா ஒரு வீடியோவுக்கு நூத்துக்கணக்குல கோப்பாகும், எல்லாத்தையும் கடவுச்சொல்லுக்குள்ள காப்பாத்தணும். டீச்சர் தனியாளா பராமரிக்கிற தளத்துல அந்தச் சுமையை ஏத்தறது நியாயம் இல்லை.


புதுவலை:

ஒத்துக்கிறேன் அண்ணா. செஷன் பூட்டு எனக்கும் புதுசு. என் தளத்துலயும் பெரிய கோப்பு இறங்கும்போது அதே மாதிரி தொங்கும், ஹோஸ்டிங் மேலதான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.


ஒலிக்கூடம்:

ஆடியோவைப் பத்தி யாரும் பேசலையே, அதான் வந்தேன். டீச்சர், உங்க எம்பி3 ஒண்ணோட பண்புகளைத் திறந்து பாருங்க, அட்டைப்படம் ஒட்டியிருக்கா? பாட்டோட பெயர், அட்டைப்படம் எல்லாம் வைக்கிற ஐடி3 குறிச்சொல் எம்பி3யோட தலையில உட்காரும். அதுல 5 மெகாபைட் படம் இருந்தா, முதல் சுரம் வர்றதுக்கு முன்னாடி அந்த 5 மெகாபைட்டும் வந்தாகணும். பாட்டு மெதுவா ஆரம்பிக்குதுன்னு என்கிட்ட வர்றவங்க கோப்புல நான் முதல்ல தேடுறது இதைத்தான்.

இன்னொண்ணு, எம்பி3 விபிஆரா (மாறுற பிட்ரேட்) சிபிஆரான்னு (மாறாத பிட்ரேட்) பாருங்க. விபிஆர்ல பிட்ரேட் இடத்துக்கு இடம் மாறும். எந்த நேரம் எந்த பைட்ல இருக்குன்னு சொல்ல ஸிங்னு ஒரு தலைப்பு இருக்கு, ஆனா அதோட அட்டவணையில நூறே நூறு இடம்தான். 40 நிமிஷப் பதிவுன்னா 24 வினாடிக்கு ஒரு குறி, நடுவுல உள்ளது உத்தேசம். நாலு வினாடி சொற்றொடரைப் பிடிக்க அது பத்தாது. அந்தத் தலைப்பே இல்லாத கோப்புன்னா மொத்த நீளத்தையே தப்பாக் காட்டும்.

மூலப் பதிவு வேவ் வடிவத்துல கையில இருந்தா அதுல இருந்து நேரா எம்4ஏ பண்ணுங்க, உள்ளே ஏஏசி. எம்பி3யை மறுபடி ஏஏசியா மாத்தினா இரண்டு தடவை சுருக்கின சேதம் சேரும், வயலின்ல அது நல்லாவே காதுல உறுத்தும். எம்4ஏவும் எம்பி4 குடும்பம்தான், ஒவ்வொரு ஒலிச் சட்டத்துக்கும் அட்டவணையில இடம் உண்டு. ஒரு சட்டத்துல 1024 சாம்பிள், வினாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்துல ஏறத்தாழ 23 மில்லிவினாடி. அவ்வளவு நுணுக்கமா போய் நிக்கும். ஃபாஸ்ட்ஸ்டார்ட் இதுக்கும் போடணும், மறக்காதீங்க.

பேச்சு மட்டும்னா மோனோவுல 64 கிலோபிட் போதும், ஒரு மணி நேரம் 28.8 மெகாபைட்தான் வரும். வயலினுக்கு அதைச் சொல்ல மாட்டேன். வில் தந்தியைக் கடிக்கிற அந்த முதல் உரசல்தான் மாணவர் கேட்கவேண்டியது, சுருக்கும்போது முதல்ல காணாமப் போறதும் அதுதான். 128 வையுங்க.

உங்களுக்குப் பிடிக்கும்னு நினைக்கிறேன், இதையும் சொல்லிடறேன். வீடியோ முகவரியோட கடைசியில #, அப்புறம் ஆங்கில எழுத்து டி, சமக்குறி, 134ன்னு சேர்த்தா நேரா 2 நிமிஷம் 14 வினாடியில ஆரம்பிக்கும். வேகத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரே வரி, பிளேபேக்ரேட்டை 0.6ன்னு வச்சா மெதுவா ஓடும், சுருதி இறங்காது. பிரவுசர்ல சுருதியைக் காப்பாத்துறது இயல்பாவே இயக்கத்துல இருக்கும்.


தந்தி டீச்சர்:

சுருதி மாறாம மெதுவா ஓட்டறது பிரவுசருக்குள்ளேயே இருக்கா! இதுக்காக மாணவர்களைத் தனி செயலி ஒண்ணு இறக்க வச்சிருந்தேன்.

நாலு நாள் ஆச்சு, நடந்ததைச் சொல்றேன். ஹோஸ்டிங்ல எக்ஸ்-சென்ட்ஃபைல் இல்லைன்னுட்டாங்க. நிரல் எழுதினவரே ரேஞ்சைச் சேர்த்துக் கொடுத்தார், +1 விஷயத்தை முதல்லயே சொல்லிட்டேன். செஷன் வரியைப் போட்டதுமே பக்கங்கள் தொங்குறது நின்னுடுச்சு, வேற எதையும் மாத்துறதுக்கு முன்னாடியே.

ஹெக்ஸ் எடிட்டர்ல அஞ்சு வீடியோ திறந்தேன், அஞ்சுலயும் எம்டாட்தான் முன்னாடி. 310 மெகாபைட் இருந்தது 720பியில 96 ஆயிடுச்சு. விரல் நுனி தந்தியில படற இடம் தெளிவா தெரியுது, அதைத்தான் உத்துப் பார்த்தேன். கறுப்பு வீடியோ மூணும் என் அக்கா போன்ல எடுத்தது, நீங்க சொன்ன மாதிரியே எச்.265. எம்பி3ல அட்டைப்படம் 7 மெகாபைட், நாற்பதுலயும்! என் பயிற்சிக்கூடத்துப் படம், அழகா இருக்கட்டும்னு நான்தான் ஒட்டினேன். வேவ் மூலம் 31க்கு இருக்கு, அதையெல்லாம் எம்4ஏ ஆக்கறேன். மீதி ஒன்பதுக்குப் படத்தை மட்டும் எடுத்துட்டு எம்பி3யாவே விட்டுட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. 24 வீடியோவும் ஒரே பக்கத்துல இருக்கு. அந்தப் பக்கம் திறக்கவே நேரம் எடுக்குது.


பின்கட்டு சர்வர்:

வீடியோ டேக்ல ப்ரீலோடு நன்னுன்னு (முன்கூட்டி எதையும் இறக்காதேன்னு அர்த்தம்) போடுங்க, ஓடுறதுக்கு முன்னாடி தெரியுற போஸ்டருக்கு ஒரு படம் கொடுங்க. இப்போ பக்கம் திறந்ததும் 24 வீடியோவும் தன்னோட தலைப்பகுதியைக் கேட்டு ஓடுது. எச்டிடிபி 1.1ல பிரவுசர் ஒரு சர்வரோட ஒரே நேரத்துல ஆறு இணைப்புதான் வச்சுக்கும், மத்தது வரிசையில நிக்கும். நன்னுன்னா தட்டின வீடியோ மட்டும் கேட்கும். பிளேஸ்இன்லைன்ங்கிற சொல்லையும் அதே டேக்ல சேர்த்துடுங்க, இல்லாட்டி ஐபோன்ல வீடியோ முழுத்திரைக்குத் தாவி நீங்க கீழே எழுதியிருக்கிற சுரக்குறிப்பை மறைச்சிடும்.


தந்தி டீச்சர்:

போட்டுட்டேன், பக்கம் உடனே வருது. இன்னிக்கு சாயங்காலம் ஒரு பையனுக்கு 134ஆவது வினாடி இணைப்பை அனுப்பினேன். அவன் அம்மாவோட ஐபோன்ல திறந்து, 0.6 வேகத்துல ஓட்டி, வில்லைத் திருப்புற இடத்தை வாசிச்சுப் பதிவு பண்ணி அனுப்பினான். மூணாவது விரல் தூக்கவே இல்லை. மீதி 19 வீடியோவும் ராத்திரி முழுக்க மாத்தறதுக்குப் போட்டிருக்கேன்.